பெருந்தொற்றுக் காலத்தில் விளம்பரப் படப்பிடிப்பு: ஓர் உழைப்பு வரலாற்று நோக்கு (2020–2021)

முன்னுரை

விளம்பரப் படம் பெரும்பாலும் முப்பது நொடிகளில் முடிந்துவிடுவது. அதனைக் காண்போர் அதில் தோன்றும் முகத்தையும் பொருளின் பெயரையும் மட்டுமே நினைவிற் கொள்வர். ஆயின் அம்முப்பது நொடிகளுக்குப் பின்னால் விளக்குகளைத் தூக்கி நிறுத்துவோர், அரங்கம் அமைக்கும் தச்சர், ஒப்பனையாளர், உடைகளைத் தேய்த்துத் தருவோர், ஒளிப்பதிவு உதவியாளர், உணவு பரிமாறுவோர், ஊர்தி ஓட்டுவோர் எனப் பலருடைய உழைப்பு அடங்கியுள்ளது. இவருட் பலர் நாட்கூலி பெறுவோர். படப்பிடிப்பு நிகழ்ந்தால் ஊதியம் உண்டு, நிகழாவிடின் இல்லை. திரைப்படத்தின் தொடக்கத்திலோ இறுதியிலோ தொழிற்கலைஞர்தம் பெயர்ப்பட்டியல் இடம்பெறும். விளம்பரப் படத்தில் அத்தகைய பட்டியலுக்கு இடமே இல்லை. எனவே விளம்பரப் படத் தொழிலாளரின் வரலாற்றை அப்படங்களைக் கொண்டே எழுதுதல் அரிது.

கோவிட்-19 பெருந்தொற்று இந்நிலையில் ஓர் எதிர்பாராத மாற்றத்தை உண்டாக்கியது. படப்பிடிப்புத் தளத்தில் எத்தனை பேர் நிற்கலாம், எவ்வயதினர் நிற்கலாம், எவர் முகக்கவசம் அணிதல் வேண்டும் என்பன அரசாணைகளில் எழுத்து வடிவம் பெற்றன. அதுவரை எண்ணப்படாதோர் எண்ணப்பட்டனர். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் இந்தியாவில் விளம்பரப் படப்பிடிப்பு எவ்வாறு நின்றது, எவ்வாறு மீண்டது, அம்மீட்சியில் யார் உள்ளே வந்தனர், யார் வெளியே நின்றனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. விளம்பரத் தொழிலின் தலைமையிடமாகிய மும்பையே இதன் முதன்மைக் களம். தொடர்புடைய இடங்களில் சென்னையும் சுட்டப்பெறுகின்றது.

கொள்ளைநோயும் சலனப்படமும்

இந்தியாவில் சலனப்படமும் கொள்ளைநோயும் ஒரே நகரில் ஒரே ஆண்டில் தோன்றின என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. 1896ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் பம்பாயின் வாட்சன் விடுதியில் லூமியேர் சகோதரர்களின் சலனப்படங்கள் திரையிடப்பெற்றன. அதே ஆண்டு செப்டம்பரில் அந்நகரின் மாண்டுவிப் பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. அந்நோயை அடக்கும் பொருட்டு ஆங்கில அரசு 1897இல் தொற்றுநோய்கள் சட்டத்தை இயற்றியது. சில பிரிவுகளே கொண்ட அச்சட்டம் அரசுக்கு மிகப்பரந்த அதிகாரத்தை வழங்கிற்று. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேல் கடந்த பின்னர், 2020 மார்ச்சில் மாநில அரசுகள் அச்சட்டத்தையே கையிலெடுத்தன. சலனப்படம் பிறந்த ஆண்டின் நோய் ஈன்ற சட்டம் சலனப்படத் தளங்களை மூடுவதற்கும் பயன்பட்டது எனலாம்.

1918ஆம் ஆண்டின் இன்ஃபுளுவன்சாவும் பம்பாய் வழியாகவே இந்தியாவுள் பரவியது. அதில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மாண்டனர். 1911ஆம் ஆண்டின் கணக்கைவிட 1921ஆம் ஆண்டுக் கணக்கில் நாட்டின் மக்கள்தொகை குறைந்து காணப்படுவதற்கு அந்நோய் முதன்மைக் காரணமாயிற்று. அந்நாளில் அமெரிக்காவில் திரையரங்குகள் பல மூடப்பட்டன. புதிய படங்களின் வெளியீடு சில வாரங்கள் நிறுத்தி வைக்கப்பட்டது. இந்தியாவில் விளம்பரம் என்பது அன்று அச்சு விளம்பரமே. எழுதுபவர் ஒருவரும் அச்சுக்கோப்பவர் சிலரும் இருந்தால் அது உருவாகிவிடும். அதனை உருவாக்க மக்கள் திரளாகக் கூடவேண்டிய தேவை இல்லை.

1976 சனவரி 1 முதல் தூரதர்ஷன் வணிக விளம்பரங்களை ஏற்கத் தொடங்கிய பின்னர் நிலைமை மாறியது. தொலைக்காட்சி பரவப் பரவ, விளம்பரம் பலர் ஓரிடத்தில் கூடிச் செய்யும் தொழிலாக வளர்ந்தது. எனவே 2020இன் பெருந்தொற்று, கூடி உழைத்தலையே அடிப்படையாகக் கொண்ட ஒரு விளம்பரத் தொழிலை நம் நாட்டில் முதன்முறையாகத் தாக்கியது.

அணைந்த விளக்குகள்

உலக நலவாழ்வு நிறுவனம் 2020 மார்ச் 11இல் கோவிட்-19ஐப் பெருந்தொற்று என அறிவித்தது. அடுத்த சில நாட்களிலேயே மும்பைத் திரைத்துறை அமைப்புகள் கூடி, மார்ச் 19 முதல் படப்பிடிப்புகளை நிறுத்துவதென முடிவெடுத்தன. சென்னையில் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனமாகிய ஃபெப்சியும் அதே நாள் முதல் பணிகளை நிறுத்தியது. மார்ச் 25 முதல் நாடு தழுவிய ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது.

படப்பிடிப்பு நின்றதன் முதல் விளைவு அடுப்படியில் தெரிந்தது. ஃபெப்சியின் தலைவர் ஆர். கே. செல்வமணி, நாட்கூலித் தொழிலாளர்க்கு அரிசியேனும் வாங்கித் தர நடிகர்களும் தயாரிப்பாளர்களும் உதவவேண்டும் என வெளிப்படையாக வேண்டுகோள் விடுத்தார். ரஜினிகாந்த் 50 இலட்சம் ரூபாயும், சிவகுமார், சூர்யா, கார்த்தி ஆகியோர் கொண்ட குடும்பத்தினர் 10 இலட்சம் ரூபாயும் வழங்கினர். வேறு பலரும் பொருளும் பணமும் தந்தனர். இவ்வுதவி பாராட்டத்தக்கதே. எனினும் ஒரு பெருந்தொழிலின் உழைப்பாளர் வேலை நின்ற ஒரு வாரத்திற்குள் அரிசிக்கு ஏங்கும் நிலையில் இருந்தனர் என்னும் செய்தியை வரலாற்று மாணவர் மறத்தல் கூடாது.

தொலைக்காட்சி நிறுவனங்களிடம் புதிய நிகழ்ச்சிகள் இல்லாது போயின. 2020 மார்ச் 28 முதல் தூரதர்ஷன் இராமாயணத் தொடரை மீண்டும் ஒளிபரப்பியது. பழந்தொடர்கள் திரும்பியதும் பழைய விளம்பரங்களும் திரும்பின. அமுல் நிறுவனம் தன் பழைய விளம்பரப் படங்களை அத்தொடர்களின் இடையே ஒளிபரப்பச் செய்தது. பார்வையாளர்க்கு அது இளமைக்கால நினைவை எழுப்பிய இனிய நிகழ்வு. தொழிலாளர்க்கோ பழைய படம் ஓடும் ஒவ்வொரு நொடியும் புதிய படம் எடுக்கப்படாத நொடி.

வீடே தளமாதல்

இக்காலத்தில் தோன்றிய படங்களுள் 2020 ஏப்ரல் 6இல் சோனித் தொலைக்காட்சிக் குழுமத்தில் ஒளிபரப்பான ‘ஃபேமிலி’ என்னும் குறும்படம் தனித்து ஆராயத்தக்கது. விளம்பரப் பட இயக்குநராகப் பெயர்பெற்ற பிரசூன் பாண்டே அதனை உருவாக்கினார். சோனி பிக்சர்ஸ் நெட்வொர்க்ஸ், கல்யாண் ஜுவல்லர்ஸ் ஆகியவை துணைநின்றன. அமிதாப் பச்சன், ரஜினிகாந்த், மம்மூட்டி, மோகன்லால், சிரஞ்சீவி, சிவராஜ்குமார், பிரசன்ஜித் சட்டர்ஜி, சோனாலி குல்கர்ணி, தில்ஜித் தோசாஞ்ச், ரன்பீர் கபூர், ஆலியா பட், பிரியங்கா சோப்ரா ஆகியோர் நடித்தனர்.

கதை மிக எளியது. வீட்டின் மூத்தவருடைய கறுப்புக் கண்ணாடி காணாமற் போகிறது, குடும்பத்தினர் தேடுகின்றனர். அவர்கள் ஒரே வீட்டில் இருப்பதாகவே பார்ப்பவர்க்குத் தோன்றும். உண்மையில் ஒவ்வொருவரும் தத்தம் இல்லத்திலேயே இருந்தனர்; இயக்குநர் தொலைவிலிருந்தே வழிகாட்டினார். ஒருவர் நீட்டும் பொருளை மற்றொருவர் வேறொரு நகரில் பெற்றுக்கொள்கிறார். பார்வையின் திசையும் கையின் திசையும் பிசகாமல் பொருந்துவதால் அவ்விணைப்பு கண்ணுக்குப் புலனாவதில்லை. குறைந்த நேரத்தில் காட்சிகளைத் தைத்துக் கதை சொல்லும் விளம்பரத் துறையின் நெடுங்காலப் பயிற்சி இங்குத் துணைசெய்தது. படம் கறுப்பு வெள்ளையில் அமைந்தமையும் கருதத்தக்கது. பல வீடுகளின் வெவ்வேறு ஒளியையும் சுவர் நிறங்களையும் ஒருமைப்படுத்த அது பயன்பட்டிருத்தல் கூடும்.

மொழி நோக்கிலும் இப்படம் குறிப்பிடத்தக்கது. அகில இந்திய விளம்பரங்கள் பெரும்பாலும் இந்தியில் எடுக்கப்பட்டுப் பிறமொழிகளில் குரல் மாற்றம் செய்யப்படுவன. வாயசைவு ஒன்றாகவும் சொல் வேறாகவும் இருக்கும் அவ்விளம்பரத் தமிழை நாம் நன்கறிவோம். ‘ஃபேமிலி’ படத்திலோ அவரவர் தத்தம் மொழியிலேயே பேசினர். ரஜினிகாந்த் பேசிய தமிழுக்கு அடுத்த அறையிலிருப்பவர் வேறொரு மொழியில் விடையிறுத்தார். இடையே மொழிபெயர்ப்பாளர் எவரும் இலர். குரல் மாற்றக் கூடங்கள் பூட்டிக் கிடந்த நாளில் பன்மொழியே இயல்பான தீர்வாக அமைந்தது.

ஆயின் இப்படத்தின் உள்முரண் இவையனைத்தினும் பெரிது. படத்தின் முடிவில் அமிதாப் பச்சன் தோன்றி, நடிகர் எவரும் வீட்டைவிட்டு வெளியேறவில்லை என்பதைத் தெரிவித்து, தம் குடும்பத்திற்குப் பின்னால் தொழிலாளரும் நாட்கூலியினரும் அடங்கிய மற்றொரு பெருங்குடும்பம் உண்டென நினைவூட்டுகிறார். ஓரிலட்சம் தொழிலாளர் குடும்பங்களுக்கு உதவும் முயற்சியின் பகுதியாகவே அப்படம் வெளியிடப்பட்டது. தொழிலாளர்க்கு உணவளிக்க எடுக்கப்பட்ட அப்படம் அத்தொழிலாளர் இன்றியே எடுக்கப்பட்டது. அன்றைய நிலையில் வேறு வழி இருந்ததாகக் கூறவியலாது. எனினும் விளக்குப் பிடிப்பவர் இல்லாமலே ஒரு விளம்பரம் உருவாகலாம் என்பதைத் தொழிலுக்குக் காட்டியதும் இத்தகைய படங்களே.

தளத்தில் தலை எண்ணுதல்

ஊரடங்கு தளர்ந்தபோது முதலில் விளக்கேற்றிய தளங்களுள் ஒன்றில் அரசின் விளம்பரமே எடுக்கப்பட்டது. 2020 மே 25இல் மும்பை கமாலிஸ்தான் படப்பிடிப்பு நிலையத்தில், நடுவண் நலவாழ்வு அமைச்சகத்திற்கான படமொன்றில் அக்ஷய் குமார் நடித்தார். இயக்கியவர் ஆர். பால்கி. ஏறத்தாழ இருபது பேர் கொண்ட குழு சில மணி நேரத்திற்குள் பணியை முடித்தது. உரிய காப்புடன் மக்கள் வேலைக்குத் திரும்பலாம் என்பதே அதன் பொருள். வேலைக்குத் திரும்புமாறு கூறும் படமே வேலைக்குத் திரும்பிய முதற்படங்களுள் ஒன்றாயிற்று.

மே 31இல் மராட்டிய அரசு படப்பிடிப்புக்கு நிபந்தனைகளுடன் ஒப்புதல் அளித்தது. வழக்கமான குழுவில் மூன்றில் ஒரு பங்கினரே பணிபுரியலாம் என வரையறுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் மே 11 முதல் படத்தொகுப்பு, குரற்பதிவு முதலிய பிற்பணிகள் தொடங்கின. அவற்றிற் பலவற்றுக்கு ஐவர் என்பதே உச்ச எண். சின்னத்திரைப் படப்பிடிப்புக்கு முதலில் 20 பேரும், பின்னர் 60 பேரும் அனுமதிக்கப்பட்டனர். சூன் 19 முதல் சென்னையில் மீண்டும் முழு ஊரடங்கு வந்ததால் பணிகள் நின்றன. திரைப்படப் படப்பிடிப்பு செப்டம்பர் 1 முதல் 75 பேருடன் தொடங்கியது. ஐந்து, இருபது, அறுபது, எழுபத்தைந்து என ஏறிய இவ்வெண்களே அவ்வாண்டின் உழைப்பு வரலாற்றுக்கு அடிப்படைச் சான்றுகள். எண்ணுக்குள் அடங்கியவர் ஊதியம் பெற்றார். அடங்காதவர் வீட்டில் இருந்தார்.

எண்ணிக்கை குறைந்ததும் படத்தின் வடிவமும் மாறியது. உடன் வாழும் உண்மைக் குடும்பத்தினரையே நடிக்கவைக்கும் வழக்கம் பரவியது. அவர்களிடையே இடைவெளி காக்கவேண்டிய தேவை இல்லை. பொருளை விற்கும் நிறுவனத்தார் தளத்திற்கு வராமல் தம் இல்லத்திலிருந்தே கணினித் திரையில் காட்சிகளைக் கண்டு ஒப்புதல் தந்தனர். திருமண வீடு, கடைத்தெரு, கிரிக்கெட் ஆடும் சிறுவர் கூட்டம் என இந்திய விளம்பரத்திற்கே உரிய கூட்டக் காட்சிகள் அருகின. ஓரறை, ஒருவர் அல்லது இருவர் என்னும் அமைப்பு மிகுந்தது.

2020 ஆகஸ்டு 23இல் நடுவண் செய்தி, ஒலிபரப்பு அமைச்சகம் நாடு முழுமைக்குமான நெறிமுறைகளை வெளியிட்டது. ஆறடி இடைவெளி, உடல் வெப்பச் சோதனை ஆகியவற்றுடன், ஒளிப்பதிவுக் கருவிக்கு முன் நிற்கும் நடிகர் நீங்கலாக அனைவரும் முகக்கவசம் அணிதல் வேண்டும் என்பதும் அதில் இடம்பெற்றது. மருத்துவ நோக்கில் இது தவிர்க்கவியலாத விதி. நடிகர் கவசத்துடன் நடித்தல் இயலாது. ஆயின் அவ்விதி தளத்தை முகம் உடையோர், முகம் மறைத்தோர் என இரு பிரிவாக்கியது. திரையில் ஒருபோதும் தோன்றாத தொழிலாளர் இப்போது தளத்திலும் முகமற்றவராயினர். மிகுந்த இடர் நடிகர்க்கே என்பதையும் நடுநிலையுடன் கூறவேண்டும். கவசமின்றிப் பலரிடையே நின்றவர் அவரே.

அறுபத்தைந்து வயதுத் தடை

மராட்டிய அரசின் நிபந்தனைகளுள் ஒன்று, 65 வயதைக் கடந்தோர் படப்பிடிப்புத் தளத்திற்கு வரலாகாது என்பது. முதியோர்க்கு நோயின் கொடுமை மிகுதி என்பதே அதற்குக் காரணம். விளம்பரப் படங்களில் தாத்தா, பாட்டி, ஊர்ப் பெரியவர், மருத்துவர் எனச் சில நொடிகள் தோன்றும் முதிய துணைநடிகர் பலர். சேமிப்போ ஓய்வூதியமோ இல்லாத இவர்களுக்கு அந்த ஒரு நாள் ஊதியமே வாழ்வாதாரம்.

நாற்பது ஆண்டுகளாகச் சிறு வேடங்களில் நடித்துவந்த எழுபது வயது நடிகர் ஒருவர் பம்பாய் உயர்நீதிமன்றத்தை அணுகினார். தயாரிப்பாளர் சங்கமும் இத்தடையை எதிர்த்தது. அதே வயதுடைய கடைக்காரர் தம் கடையைத் திறக்கத் தடையில்லாதபோது நடிகர்க்கு மட்டும் தடை ஏன் என்பது வழக்கின் மைய வினாவாயிற்று. உழைத்து உண்ணும் உரிமையை மறுத்துவிட்டு மதிப்புடன் வாழச் சொல்வது எவ்வாறு பொருந்தும் என்பதும் எழுப்பப்பட்டது. 2020 ஆகஸ்டு 7இல் நீதிமன்றம் அந்நிபந்தனை பாகுபாடு உடையதெனக் கூறி நீக்கியது.

இத்தடையை ‘ஃபேமிலி’ படத்துடன் ஒப்பிட்டு நோக்குதல் பயன் தரும். அப்படம் வெளிவந்தபோது அமிதாப் பச்சனுக்கு 77 வயது, ரஜினிகாந்துக்கு 69, மம்மூட்டிக்கு 68. மூவரும் வயது வரம்பைக் கடந்தவரே. தளத்திற்குச் செல்லாமல் தம் வீட்டையே தளமாக்கிக்கொள்ள அவர்களால் இயன்றது. உலகம் அவர்தம் வீட்டைக் காண விரும்பியது. ஓரறைக் குடியிருப்பில் வாழும் துணைநடிகரின் வீட்டுக்கு எவரும் ஒளிப்பதிவுக் கருவியை அனுப்பவில்லை. நோய் முதுமையைப் பார்த்தது. தொழிலோ முதுமையுடன் புகழையும் பார்த்தது. அமிதாப் பச்சன் 2020 சூலையில் தொற்றுக்கு ஆளாகி மருத்துவமனையில் தங்கி மீண்டார் என்பதால், அரசின் அச்சத்தை அடிப்படையற்றது எனத் தள்ளவும் இயலாது. அச்சம் உண்மை, அதன் விலையைச் செலுத்தியவர் எளியவர் என்பதும் உண்மை.

விழாக்காலமும் இரண்டாம் அலையும்

2020ஆம் ஆண்டின் தீபாவளிக் காலத்தில் விளம்பரங்கள் பெருந்தொற்றையே கருப்பொருளாகக் கொண்டன. அமித் சர்மா இயக்கத்தில் ஃபேஸ்புக் நிறுவனத்திற்காக எடுக்கப்பட்ட ‘பூஜா தீதி’, அமிர்தசரசில் பால் நிலையம் நடத்தும் பெண்ணொருத்தி வேலையிழந்தோரைத் தன் வருவாய்க்கு மீறிச் சேர்த்துக்கொள்ளும் கதையைக் கூறியது. வேலையிழப்பு விளம்பரத்தின் கருவாக அமைந்தமை அக்காலத்தின் முத்திரை. படத்தின் கதைமாந்தர் எதிர்கொண்ட துன்பமே அதனைப் போன்ற படங்களில் உழைப்போரின் துன்பமாகவும் இருந்தது.

அதே தீபாவளிக்குக் கேட்பரி நிறுவனம் வெளியிட்ட விளம்பரம் வேறொரு வழியைக் காட்டியது. ஒரு குடும்பத்தினர் பரிசுகளைப் பரிமாறிக்கொள்ளும் காட்சி. அப்பரிசுகள் வாங்கப்பட்ட கடைகளின் பெயர்கள், காண்பவரின் அஞ்சல் குறியீட்டு எண்ணுக்கேற்ப மாறிக்கொண்டே இருந்தன. 1800க்கும் மேற்பட்ட சிறுகடைகள் அவ்வாறு இடம்பெற்றன. பெருந்தொற்றால் நலிந்த சிறுவணிகர்க்குக் கைகொடுத்த முயற்சி அது.

2021 ஏப்ரலில் இரண்டாம் அலை எழுந்தது. ஏப்ரல் 14 இரவு முதல் நடைமுறைக்கு வந்த மராட்டிய அரசின் ஆணை, திரைப்படம், தொடர் ஆகியவற்றுடன் விளம்பரப் படப்பிடிப்பையும் பெயர் சுட்டித் தடைசெய்தது. தயாரிப்பாளர் பலர் கோவா, ஐதராபாத், குசராத்து, தமன் ஆகிய இடங்களுக்குப் பெயர்ந்தனர். மே தொடக்கத்தில் கோவாவும் ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. வேற்றூருக்குச் செல்லும் குழு சிறியதாகவே இருக்கும். அதில் இடம்பெறாத மும்பைத் தொழிலாளர்க்கு மீண்டும் வேலையில்லை. அம்மாதத்தில் சென்னையிலும் படப்பிடிப்புகள் நின்றன. சூன் முதல் மும்பையில் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன.

2021ஆம் ஆண்டு தீபாவளிக்குக் கேட்பரி தன் முந்தைய முயற்சியை மேலும் ஒரு படி நகர்த்தியது. ஷாருக் கான் ஒருமுறை நடித்த காட்சியைக் கொண்டு, செயற்கை நுண்ணறிவின் துணையால் அவர் முகமும் குரலும் வெவ்வேறு கடைகளின் பெயர்களைச் சொல்வதாக எண்ணற்ற வடிவங்கள் உருவாக்கப்பட்டன. சிறுகடைக்காரர் தம் கடைப் பெயரையும் நாட்டின் பெருநடிகர் சொல்லக் கேட்டனர். அவர்தம் மகிழ்ச்சி உண்மையானது. ஆயின் ஒரு படப்பிடிப்பிலிருந்து ஆயிரம் படங்கள் பிறக்கும்போது ஏனைய படங்களுக்கு விளக்கும் வேண்டா. விளக்குப் பிடிப்பவரும் வேண்டா. ‘ஃபேமிலி’ படம் நோயின் கட்டாயத்தால் செய்ததை, இப்படம் கட்டாயமின்றியே செய்தது. இரண்டிற்கும் இடைப்பட்ட காலம் பத்தொன்பது மாதங்களே.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் பெருந்தொற்றுக் காலத்து விளம்பரப் படப்பிடிப்பு மூன்று நிலைகளைக் கடந்து சென்றமை புலனாகின்றது. முதலாவது, தளம் வீட்டுக்குள் ஒடுங்கிய நிலை. இரண்டாவது, தளம் திறந்தும் தலை எண்ணப்பட்ட நிலை. மூன்றாவது, ஒரு தளத்தின் பயனைக் கணினி பன்மடங்கு பெருக்கிய நிலை. மூன்றிலும் படத்தின் கருப்பொருள் ஒன்றே: குடும்பம், ஒற்றுமை, பிறர்க்கு உதவுதல். மூன்றிலும் அக்கருப்பொருளைப் படமாக்கத் தேவைப்பட்ட கைகள் குறைந்தன.

இதனைக் கொண்டு விளம்பரத் துறையினரைக் குறைகூறுதல் எளிது, ஆனால் நேர்மையன்று. நோயின் நடுவில் சிலருக்கேனும் வேலை தந்தவரும், தொழிலாளர்க்கு நிதி திரட்டியவரும் அவரே. இங்கு வேண்டுவது பதிவு. அரசாணைகள் தொழிலாளரை எண்ணின, பெயர் சுட்டவில்லை. விளம்பரப் படங்களோ பெயர்ப்பட்டியலே இல்லாதவை. அவ்விரு ஆண்டுகளில் மூன்றில் ஒரு பங்கினராக உள்ளே சென்றவர் யார், வெளியே நின்ற இரு பங்கினர் எவ்வாறு உயிர்வாழ்ந்தனர், தொழிலைவிட்டு மீளாதவர் எத்தனை பேர் என்பன தொழிற்சங்கப் பதிவேடுகளிலும், படப்பிடிப்பு நிறுவனங்களின் நாட்கணக்குகளிலும், எல்லாவற்றினும் மேலாக அத்தொழிலாளரின் நினைவிலுமே உள்ளன.

வாய்மொழி வழக்காறுகளைக் களத்திற்குச் சென்று திரட்டும் பயிற்சி தமிழ்த்துறைகளுக்கு நெடுங்காலமாக உண்டு. வடபழனியிலும் சாலிகிராமத்திலும், மும்பையின் அந்தேரியிலும் வாழும் திரைத்தொழிலாளரிடம் அப்பயிற்சியைக் கொண்டுசெல்லுதல் வேண்டும். 2020இல் அறுபத்தைந்தைக் கடந்திருந்தோர் இன்று எழுபதைக் கடந்தவர். அன்று தளத்தின் வாயிலில் தடுக்கப்பட்ட அவர்கள் சொல்லுவதைக் கேட்டு எழுதிக்கொள்ள இன்னும் காலம் இருக்கின்றது, நெடுங்காலம் இல்லை.